முத்துப் போட்ட கிண்ணம்

உங்களுக்கும் அம்மை போட்டிருக்கும். நம் வயசில் யாரைத்தான் அது விட்டுவைத்தது? நாற்பதைத் தொட்டும் தொடாமலும் நிற்கிற நாம், ஆளுக்கொரு தழும்பைப் புருவத்தடியிலோ மூக்கோரத்திலோ வைத்துக்கொண்டுதான் திரிகிறோம். என்னுடையது நெற்றியில் இடது பக்கம். ஒரு மிளகு உட்கார்ந்து எழுந்து போன இடம் மாதிரி இருக்கும். பொட்டு வைக்கும்போது விரல் வழிதவறி அங்கே போய்விடும். போனதும் காதுக்குள் ஒரு சத்தம் கேட்கும். டங். கொஞ்சம் பொறுத்து, மறுபடியும் டங்.

அது கோயில் மணி இல்லை, கொல்லுப்பட்டறையும் இல்லை. உருண்டைத் தலைச் சுத்தியல் வெள்ளியின் மேல் விழுகிற சத்தம். அடித்தது என் அத்தை. இடம் கொல்லிமலை, குண்டூர் நாட்டில் நாங்கள் வாடகைக்கு இருந்த ஓட்டு வீட்டின் பின்புறம். தொண்ணூற்றெட்டாம் வருசத்துக் கோடை.

எங்களுக்குச் சொந்த ஊர் அடிவாரம். அப்பா மலைமேலிருந்து சேலத்து சேகோ ஆலைகளுக்கு, ஜவ்வரிசி செய்ய, குச்சிக்கிழங்கு ஏற்றும் லாரி ஓட்டினார். தினமும் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இறங்கிச் சலித்துப்போய், குடும்பத்தையே மேலே கொண்டுவந்து வைத்துவிட்டார். மலைக்காரர்கள் எங்களை வேற்றாளாகவும் நினைக்கவில்லை, சொந்தமாகவும் நினைக்கவில்லை. 'லாரிக்காரர் ஊடு' என்பார்கள். அந்த வீட்டுக்கு ஒரு நாள் அத்தை, அப்பாவின் ஒரே தங்கச்சி, தகரப் பெட்டியும் ஒரு சாக்குமாக பஸ்ஸை விட்டு இறங்கினாள். சாக்கில் துணிமணி இருக்கும் என்று தூக்கப் போன அப்பா அப்படியே குனிந்து நின்றார்.

"என்ன புள்ள இது, கல்லா?"

"சுத்தியலுங்ண்ணா. பாத்துத் தூக்குங்க, கால்ல போட்டுக்காதீங்க."

அத்தையைச் சேலத்தில் கொலுசுத் தொழில் செய்கிற மாமாவுக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அங்கே ஒரு கொலுசு ஒரே வீட்டில் பிறக்காது. கம்பி இழுக்க ஒரு வீடு, வளையம் வெட்ட ஒரு வீடு, சலங்கை கோக்க ஒன்று, மெருகேற்ற ஒன்று என்று தெருத்தெருவாக நடக்கும். அத்தை வீட்டில் பற்றவைப்பு. ஊதுகுழலை வாயில் வைத்துத் தீயைக் குவித்து, வெட்டிய வளையங்களின் வாயை மூடுவதுதான் கல்யாணமான நாளிலிருந்து அவள் வேலை. இதைச் சொல்லும்போது அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிடும். ஊரிலுள்ள வளையத்துக்கெல்லாம் வாயை மூடிய அத்தை, தன் வாயை மட்டும் ஒரு நாளும் மூடியதில்லை.

ஏன் வந்தாள்? பெரியவர்கள் உடனே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். மாமாவோடு சண்டை. அவர் அடித்திருப்பார், இல்லை குடித்திருப்பார். அப்பா ஆள் அனுப்பி மாமாவை வரவழைத்தார். மாமா ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் காரச்சேவுப் பொட்டலத்தோடு வந்து சேர்ந்தார். அப்பா பேசப் பேச, "ஆமாங்க மச்சான், சரிங்க மச்சான்" என்று தலையாட்டிக்கொண்டே ஒரு படி காரச்சேவைத் தானே தின்றார். பிறகு பின்பக்கம் போய், பையிலிருந்து வெண்காரப் பொட்டலமும் புது மூசையும் எடுத்து அத்தையிடம் கொடுத்தார். மூசை என்பது வெள்ளியை உருக்குகிற மண்கிண்ணம், வெண்காரம் உருக்கும்போது தூவுகிற உப்பு. ஒவ்வொரு ஞாயிறும் இதே கூத்து. அப்பா சமாதானம் பேசுவார், மாமா கேட்டுக்கொள்வார், போகும்போது சேலத்திலிருந்து அடுத்த வாரம் என்ன வேண்டும் என்று அத்தையிடம் விசாரித்துவிட்டுப் போவார். அவர்களுக்குள் சண்டையே இல்லை என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. ஒரு பொம்பளை ஒரு வேலைக்காக வீட்டை விட்டு வருவாள் என்று நம்ப அன்றைக்கு அவர்களுக்குப் பழக்கமில்லை.

ஒரு நாள் நான் கேட்டேன். அத்தை சுத்தியலை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "இத்தன வருசத்துல ஒரு கொலுசாச்சும் என்ற கண்ணு முன்னால முழுசாப் பொறந்து நான் பாத்ததில்ல கண்ணு. வாலு எனக்கு வரும், தலை எவளுக்கோ போகும். ஒரு பண்டத்த, அடியில இருந்து வாய் வரைக்கும், நானே செய்யோணும். கையில வெச்சுக்கிட்டு, இது நாஞ் செஞ்சதுன்னு சொல்லோணும். அதுக்குத்தான் வந்தேன்."

சேலத்தில் சுத்தியல் போட இடமில்லை. சுவருக்குச் சுவர் வீடு. எங்கள் வீட்டுப் பின்னால் காற்றைத் தவிர அண்டை வீடு கிடையாது.

முதலில் செம்புத் தகட்டில்தான் கை பழகினாள். விழுந்த பலாமரத்தின் அடிக்கட்டையை வாங்கி வந்து, நடுவில் வழுவழுவென்று ஒரு குழி செதுக்கிக்கொண்டாள். தகட்டை அதன் மேல் வைத்து, நடுவிலிருந்து வெளியே வெளியே என்று சுற்றிச் சுற்றித் தட்டினால் தகடு மெதுவாகக் குழியில் அமிழ்ந்து கிண்ணமாகிவிடும் என்றாள். ஆகவில்லை. முதல் கிண்ணம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, பல் வலிக்காரன் மாதிரி வாயைக் கோணிக்கொண்டு நின்றது. அதில் கோழிகளுக்குத் தண்ணீர் வைத்தோம். இரண்டாவது விரிசல் விட்டது. அப்பா லாரியில் கிரீஸ் வைக்க எடுத்துக்கொண்டார். மூன்றாவதில் அம்மா உப்புப் போட்டாள், உப்பு பச்சையாகிப்போனது. எதையும் அத்தை மறைத்து வைக்கவில்லை. கோணல் கிண்ணத்தையும் வாசலில் கவிழ்த்துவைத்து, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "நாஞ் செஞ்சது, பாருங்க" என்பாள். அடக்கம் என்பது அவள் சாக்கில் இல்லாத கருவி.

அந்த வாயாலேயே வேலையும் வந்தது. ஊர் மாரியம்மனுக்குக் கூழ் படைக்கும் பித்தளைக் கிண்ணம் அடி தேய்ந்து ஓட்டையாகிவிட்டது. இந்தத் திருவிழாவுக்கு வெள்ளியில் புதுக் கிண்ணம் எடுத்துவிடலாம், சேலத்தில் எந்தக் கடை நல்ல கடை என்று விசாரிக்க ஊர்க்கவுண்டர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கேட்டது அப்பாவிடம். பதில் சொன்னது அத்தை.

"கடை எதுக்குங்க? நாஞ் செய்யறேன்."

ஊர்க்கவுண்டர் வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு பார்த்தார். "நீ கொலுசுக்காரியாச்சே அம்மிணி. கிண்ணமெல்லாஞ் செய்வயா?"

"ஒரு கொலுசு செய்யறதுக்குத்தானுங்க பத்து ஊடு வேணும். கிண்ணத்துக்கு நானொருத்தி போதும்."

அவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில் சம்மதமும் கலந்துவிட்டது. எப்படிக் கலந்தது என்று அப்பா கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்.

வெள்ளியை ஊர்ப் பெண்கள் கொடுத்தார்கள். அறுந்த கொலுசு, தேய்ந்த மெட்டி, பிள்ளைக்குப் போட்டுக் கழற்றிய தண்டை, நெளிந்த அரைஞாண். சாமை புடைக்கிற முறத்திலேயே கொட்டிக்கொண்டு ஊர்வலமாக வந்தார்கள். உருக்குவதைப் பார்க்காமல் போகமாட்டோம் என்று சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். அத்தை கரியடுப்பை ஊதி, மூசையில் வெள்ளியை வைத்து, வெண்காரத்தைத் தூவினாள். கொலுசுகள் கொஞ்ச நேரம் கொலுசாகவே முறைத்துக்கொண்டிருந்தன. பிறகு ஓரம் வியர்த்தது. பிறகு சட்டென்று எல்லாம் ஒன்றாகிக் கண் கூசுகிற ஒரு துளியாக உருண்டது.

"ஐயோ, என்ற மெட்டி!" என்று ஒரு பெண் வாயில் கை வைத்தாள்.

"உன்ற மெட்டி என்ற தண்டையோட ஓடிப் போயிருச்சு போ," என்றாள் பக்கத்துப் பெண். கொல்லையே குலுங்கியது.

எங்கள் வீட்டில் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அன்று சாயங்காலம் அத்தையிடம் சொன்னாள்: "அம்மிணி, இது உன்ற செம்புத் தகடு இல்ல. ஊருப் பொம்பளைங்க காலுலயும் இடுப்புலயும் கெடந்தது. கோணலாச்சுன்னா இந்த மலையில நாங்க தலை நிமிந்து நடக்க முடியாது."

அத்தை அம்மாவை நங்கையா என்றுதான் கூப்பிடுவாள். எங்கள் பக்கத்தில் அண்ணன் பெண்டாட்டிக்கு அதுதான் முறை. "கோணலானா நான் கீழ எறங்கிப் போயி வளையத்து வாய மூடிக்கிட்டுக் கெடக்கறேன் நங்கையா. அப்பறம் சுத்தியலையே தொட மாட்டேன்," என்றாள். அதில் விளையாட்டு இல்லை. கேட்டுக்கொண்டிருந்த எனக்கே தெரிந்தது.

அப்புறம் நாளெல்லாம் டங், டங். வெள்ளிக் கட்டியைத் தட்டித் தகடாக்கினாள். தகட்டைப் பலாக்கட்டையின் குழியில் வைத்து உள்பக்கமிருந்து தட்டினாள். வெள்ளி அடிபட அடிபட இறுகிக்கொள்ளும். சத்தமே மாறும். முதலில் ஈரமண்ணில் அடிக்கிற மாதிரி மொத்தென்று இருக்கும். போகப் போக மெலிந்து, கூர்மையாகி, காதைக் குத்தும். "கேளு, பல்லக் கடிக்குது பாரு. இனி ஒரு அடி போட்டா வெடிச்சுரும்," என்பாள். உடனே நெருப்பில் காட்டிச் சிவக்கவைத்து, தண்ணீரில் முக்கி, புளிக்கரைசலில் போட்டு எடுப்பாள். கறுத்துப்போனது வெளுத்து, பால்பல் நிறத்தில் வரும். மறுபடியும் இளகியிருக்கும். மறுபடியும் மொத். அந்தச் சத்தத்தை வைத்தே ஊரில் சொல்வார்கள், லாரிக்காரர் ஊட்டுல வெள்ளி இப்பக் கோவமா இருக்குது, இப்பச் சாந்தமா இருக்குது என்று.

கிண்ணம் உருவாகிவிட்டது. இந்த முறை கோணவில்லை. இரண்டு கை சேர்த்து ஏந்துகிற அளவில், வாய் கொஞ்சம் விரிந்து, அழகாகத்தான் நின்றது. உடம்பெல்லாம் சுத்தியல் தடம். உள்ளே தாறுமாறாகச் சின்னச் சின்னக் குழி. அந்தக் குழியே வெளியே மேடு. இனி லாரியின் பழைய ஆக்ஸில் துண்டை மண்ணில் நட்டு, அதன் மேல் கிண்ணத்தைக் கவிழ்த்துத் தட்டைச் சுத்தியலால் சுற்றிலும் மட்டம் தட்ட வேண்டும். மேடெல்லாம் அமுங்கி வழுக்கென்று ஆகும். அப்புறம் மெருகு. அவ்வளவுதான் பாக்கி.

அந்த இடத்தில்தான் எனக்கு அம்மை போட்டது.

உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கழுத்தில் ஒன்று, வயிற்றில் இரண்டு, மறுநாள் பார்த்தால் உடம்பு பூரா. அம்மா வாசல் நிலையில் வேப்பங்கொத்துச் செருகினாள். தாளிப்பு நின்றது. தலைவாரல் நின்றது. உரல் இடிப்பது நின்றது. ஆத்தா வீட்டுக்கு வந்திருக்கிறாள், அவளுக்கு அதட்டல் ஆகாது, நெருப்பு ஆகாது, இரும்புச் சத்தம் ஆகவே ஆகாது. அத்தை சுத்தியலை எடுக்கப் போனபோது அம்மா வழியை மறித்துக்கொண்டு நின்றாள். அத்தை சுத்தியலைச் சாக்கில் போட்டுச் சுருட்டி வைத்துவிட்டாள்.

கிண்ணத்தை வேறெங்காவது கொண்டுபோய்த் தட்டலாமா? அதுவும் கூடாது. பிள்ளைக்கு மூன்று தண்ணீர் ஊற்றி முடிக்கும்வரை அம்மை வீட்டுச் சாமான் படி தாண்டக்கூடாது. திருவிழாவோ நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு காலையில் ஊர்க்கவுண்டர் வந்து, வேப்பங்கொத்தைப் பார்த்து, வேலிக்கு வெளியிலேயே நின்றார்.

"கிண்ணம் முடிஞ்சுதா அம்மிணி?"

"மட்டந் தட்டோணுங்க."

"எப்பத் தட்டுவ?"

"மூணாந் தண்ணி ஊத்துன ஒடனே தட்டறனுங்க. அதுக்கும் திருவிழாவுக்கும் நடுவுல ஒரு பகல் இருக்குது."

அவர் யோசித்தார். கெட்ட மனுசன் இல்லை. ஊரார் வெள்ளிக்கு அவர்தான் பொறுப்பு. "ஆத்தா முன்னால வெக்கறது கண்ணாடியா வரோணும். மூஞ்சி தெரியோணும். அன்னிக்கி அப்படி வரலீன்னா, கொடுத்தத அப்படியே குடுத்துரு. சேலத்துல கடையில போட்டு வேற மாத்திக்கறோம். உன்னையக் குத்தஞ் சொல்ல மாட்டேன்."

கடையில் போட்டால் கடைக்காரர் என்ன செய்வார் என்று அத்தைக்குத் தெரியும். உருக்கிவிடுவார். அவள் ஆயுசிலேயே முதல்முதலாக அடியிலிருந்து வாய்வரை செய்த பண்டம், ஒரு நொடியில் யாருடைய கொலுசாகவோ போய்விடும்.

வீடு அமைதியானது. நான் வேப்பிலைப் பாயில் படுத்துக்கொண்டு ஓட்டைப் பார்த்துக் கிடந்தேன். அரிப்பு உயிர் போகும். சொறியப் போனால் அம்மா கையைப் பிடித்துக்கொள்வாள். "பொட்டப்புள்ள மூஞ்சி கண்ணு. தழும்பாகிப் போச்சுன்னா காலத்துக்கும் போகாது." அத்தை பக்கத்தில் உட்கார்ந்து வேப்பங்குழையால் வருடிக்கொடுப்பாள். இன்னொரு கையில் கிண்ணம் இருக்கும். பூந்திக்கொட்டைத் தண்ணீரைத் துணியில் தொட்டு அதைத் தேய்த்துக்கொண்டே இருப்பாள். சத்தமில்லாத வேலை அது ஒன்றுதான்.

ஒரு மத்தியானம் நான் கையை நீட்டித் தொட்டுப் பார்த்தேன். உள்ளே குழி, வெளியே முத்து. என் வயிற்றையும் தொட்டுப் பார்த்தேன்.

"அத்தை, இதுக்கும் போட்டிருக்குது."

"அப்படியெல்லாஞ் சொல்லாத சாமி," என்று அடுப்படியிலிருந்து அம்மா பதறினாள். அத்தை சிரித்தாள். சிரித்துக்கொண்டே கிண்ணத்தைத் தூக்கினாள். ஓட்டு இடுக்கு வழியாக விழுந்த வெயில் நேராக அதற்குள் இறங்கியது.

சுவர் முழுக்கச் சூரியன். நிஜமாகத்தான் சொல்கிறேன். ஒவ்வொரு குழியும் வெயிலில் தன் பங்கைக் கிள்ளி எடுத்துத் தனியாக வீசியது. சுவரில், உரியில், அம்மாவின் முதுகில், என் போர்வையில், என் முகத்தில், எங்கே பார்த்தாலும் மிளகு மிளகாக வெளிச்சம். கிண்ணத்தைத் திருப்பினால் அத்தனையும் ஒன்றாக ஊர்ந்தன. சில இடத்தில் அடர்ந்தன, சில இடத்தில் கிழிந்தன. அத்தையின் சுத்தியல் எங்கே அவசரப்பட்டது, எங்கே தூங்கியது என்று சுவர் காட்டிக்கொடுத்தது. அத்தை வாயை மூடிப் பார்த்தது அன்றைக்குத்தான். ரொம்ப நேரம் பார்த்தாள்.

அப்புறம் அரிசிமாவை எடுத்துத் தரையில் புள்ளி வைக்க ஆரம்பித்தாள். நடுவில் ஒன்று. அதைச் சுற்றி ஒரு வட்டம். அதைச் சுற்றி இன்னொன்று. அழிப்பாள், மறுபடி வைப்பாள். கோலம் போடுகிறாள் என்று நினைத்த அம்மா, "அம்மை ஊட்டுல கோலம் வேண்டாம் அம்மிணி," என்றாள். அத்தை காதில் வாங்கவில்லை.

மூன்றாம் தண்ணீர் ஊற்றினார்கள். வேப்பிலையும் மஞ்சளும் வெயிலில் காய்ந்து சூடேறிய தண்ணீர். அந்த வாசம் இன்னும் என் மயிர்க்கால்களில் இருக்கிறது. வேப்பங்கொத்தை எடுத்த மறுகணம் பின்பக்கம் டங் என்றது. ஊரே நிம்மதியாக மூச்சு விட்டிருக்கும். நான் போர்வையைச் சுற்றிக்கொண்டு போய் வாசற்படியில் உட்கார்ந்தேன். ஆக்ஸில் துண்டின் மேல் கோழி நின்றுகொண்டிருந்தது. தட்டைச் சுத்தியல் சாக்கிலேயே கிடந்தது. அத்தை கிண்ணத்தை மறுபடியும் பலாக்கட்டையின் மேல் வைத்து, உருண்டைத் தலைச் சுத்தியலால் உள்ளிருந்து அடித்துக்கொண்டிருந்தாள்.

அடி நடுவில் ஒரு முத்து. சுற்றிலும் சாமை அளவில் நெருக்கமாக. மேலே வர வர அடி கனத்தது, முத்து திரண்டது. வயிற்றில் குன்றிமணிப் பருமன். வாய்க்கு வரும்போது மிளகு. பழைய தாறுமாறுத் தடங்களெல்லாம் வரிசைக்குள் வந்து உட்கார்ந்தன. உட்காராததை மேலே அடித்து அடக்கினாள். சாயங்காலம் லாரியை நிறுத்திவிட்டு வந்த அப்பா பார்த்தார். கையிலிருந்த டிபன்கேரியரை அப்படியே மண்ணில் வைத்தார்.

"மட்டந் தட்டறேன்னு சொல்லிப்போட்டு, என்ன புள்ள பண்ணி வெச்சிருக்கற?"

"இதுதானுங்ண்ணா கிண்ணம்."

"கவுண்டரு மூஞ்சி தெரியோணும்னாரே!"

"ஒரு மூஞ்சி எதுக்குங்ண்ணா? ஊரே தெரியும், பாருங்க."

வெளிச்சம் போய்விட்டது. வாயோர வரிசையில் ஒரே ஒரு முத்துக்கு இடம் பாக்கி இருந்தது. அதை வேண்டுமென்றே விட்டதாக அத்தை பிற்பாடு சொல்லித் திரிந்தாள். நான் பார்த்தேன், இருட்டிவிட்டது, அவ்வளவுதான்.

மறுநாள் கோயில். மண்பானைகளில் சாமைக்கூழ் ஆவி பறந்தது. பறைக்காரர்கள் தோலைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். வெள்ளி கொடுத்த பெண்களெல்லாம் முன்வரிசை. அத்தை புதுப் புடவை கட்டி, கிண்ணத்தை மஞ்சள் துணியில் மூடி ஏந்திக்கொண்டு போனாள். பின்னால் அப்பா, தூக்குமேடைக்குப் போகிறவர் மாதிரி. மாமாவும் விடியற்காலைப் பஸ்ஸில் வந்திருந்தார், காரச்சேவோடு.

பூசாரி மணையில் உட்கார்ந்தபடியே துணியை விலக்கினார்.

காலை வெயில் கிண்ணத்தின் மேல் பட்டு, பூசாரியின் தாடியில், அம்மன் முகத்தில், முன்வரிசைப் பெண்களின் கழுத்தில் புள்ளி புள்ளியாகத் தெறித்தது. பூசாரி கிண்ணத்தைத் தடவினார். என்னைப் பார்த்தார், என் முகத்தில் காய்ந்துகொண்டிருந்த பொருக்குகளைப் பார்த்தார், மறுபடி கிண்ணத்தைப் பார்த்தார்.

"ஆத்தா!" என்று கூவினார். "அம்மை ஊட்டுல இருந்த கிண்ணம். ஆத்தா இதும் மேலயும் முத்துப் போட்டுட்டா! தனக்குன்னு எடுத்துக்கிட்டா!"

குலவைச் சத்தம் மலையைத் தூக்கியது. பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஊர்க்கவுண்டர் தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக் கும்பிட்டார். கண்ணாடி போல வரவேண்டும் என்று சொன்னதையே அவர் மறந்துவிட்டார். அப்பாவுக்கு உயிர் திரும்பி வந்தது. கிண்ணம் பிழைத்தது, மானம் பிழைத்தது, எல்லாம் பிழைத்தது. அத்தை சும்மா நின்றால் போதும்.

அத்தை மூச்சை இழுத்தாள். அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. அவள் முழங்கையைப் பிடித்துக் காதோரம் சொன்னார்: "வளையத்துக்கெல்லாம் வாய மூடுனியே, உன்ற வாய ஒரே ஒரு தடவ மூடு தாயி."

"இல்லீங்க," என்றாள் அத்தை, கோயில் முழுக்கக் கேட்கும்படி. "இது ஆத்தா போடலீங்க. நாந்தான் போட்டது."

குலவை பாதியில் அறுந்தது.

"என்ன சொல்ற?" என்றார் ஊர்க்கவுண்டர்.

"ஆத்தா வந்தது எங்கூட்டுப் புள்ள மேலைங்க. கிண்ணத்து மேல வந்தது என்ற சுத்தியல். அடியில சாமை, வயித்துல குன்றிமணி, வாயில மொளகு. நேத்துக் காலையில இருந்து பொழுது சாயற வரைக்கும் ஒவ்வொண்ணா உக்காந்து அடிச்சேன். கண்ணாடியாட்டத் தட்டறதுக்கு நேரமிருந்துச்சு. எனக்குத்தான் மனசில்ல. இது புடிக்கலீன்னா உருக்கிக்கங்க. ஆனா நாஞ் செஞ்சத நாஞ் செய்யலீன்னு சொல்ல என்னால ஆகாதுங்க."

கால்களை மாற்றி மாற்றி வைத்தபடி அப்பா நின்றார். அம்மா என்னைத் தன் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டாள். பூசாரியின் முகம் கறுத்தது. அற்புதத்தைக் கண்டவரிடம் அதைப் பிடுங்கினால் கோபம் வராதா?

"அத்தனையும் உன்ற கை வேலைன்னா, இப்ப ஒண்ணு போடு பாக்கலாம். எல்லார்த்துக்கும் முன்னால."

அத்தை இடுப்பில் செருகியிருந்த முந்தானையை அவிழ்த்தாள். உள்ளேயிருந்து உருண்டைத் தலைச் சுத்தியல் வந்தது. கோயிலுக்குப் பெண்கள் பூ கொண்டுவருவார்கள், அத்தை இதைக் கொண்டுவந்திருந்தாள். ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"அடியில வெக்கறதுக்குக் கட்டை வேணுங்க. பலா மரமா இருந்தா நல்லது."

யாரிடமும் இல்லை. அத்தையின் பார்வை கீழே இறங்கியது.

"ஏனுங்க பூசாரி, நீங்க உக்காந்திருக்கற மணை பலாப்பலகைதானுங்களே? செத்த எந்திரிங்க."

முன்வரிசையில் ஒரு பெண் புடவையை வாயில் திணித்துக்கொண்டாள். பூசாரி எழுந்தார். வேறு என்ன செய்வார்? அத்தை தரையில் சம்மணமிட்டாள், கிண்ணத்தின் வாயோரத்தை மணையில் சாய்த்தாள், அந்தக் காலி இடத்தில் கட்டை விரலை வைத்துப் பார்த்தாள். பறை அடங்கியிருந்தது. கூழ் கொதிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

டங்.

ஒரே அடி. தூக்கிக் காட்டினாள். வரிசை மூடிவிட்டது. புது முத்து பக்கத்து முத்தோடு தோளுரசி நின்றது. வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை.

முதலில் பேசியது மெட்டியைக் கொடுத்த பெண்தான். "அப்ப இந்தக் கடேசி முத்து என்ற மெட்டி," என்றாள்.

"ஆருடீ சொன்னா? அது என்ற தண்டை."

"என்ற அரைஞாண் எங்க?"

"ஆளுக்கொண்ணு எடுத்துக்கங்க ஆத்தா, நெறையக் கெடக்குது," என்றாள் அத்தை. கோயிலே சிரித்தது. ஊர்க்கவுண்டர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பூசாரி மட்டும் சிரிக்காமல் குனிந்து, கிண்ணத்தையும் தன் மணையையும் மாறி மாறிப் பார்த்தார். மணையில் ஒரு மிளகளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது.

"அப்ப இது என்ற பங்கு," என்றார், அந்தப் பள்ளத்தைத் தொட்டு. பிறகு கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கி அம்மன் முன்னால் வைத்தார். பறை வெடித்தது.

கூழ் படைத்து, எல்லார் கையிலும் ஊற்றி முடிந்தபிறகுதான் ஒரு சங்கடம் தெரிந்தது. கிண்ணம் காலியாகவில்லை. ஒவ்வொரு குழியும் ஒரு துளிக் கூழை வைத்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. வெள்ளிக்குள் வெள்ளையாக வரிசை வரிசையாகத் துளிகள். "இத எப்படிக் கழுவறது?" என்று பூசாரி கடுகடுத்தார். அம்மன் எச்சிலைக் கொட்டவும் முடியாது. ஊர்க்கவுண்டர் சுற்றிப் பார்த்தார். கண் என் மேல் நின்றது.

"ஆத்தா வந்துட்டுப் போன புள்ளதானே? வா கண்ணு. வழிச்சுத் தின்னு."

நான் போனேன். விரலை அடியில் நடு முத்தில் வைத்தேன். சாமை, குன்றிமணி, மிளகு என்று சுற்றிக்கொண்டே மேலே வந்தேன். கூழும் வெள்ளியும் கலந்து குளிர்ந்த ருசி. நான் முடித்ததும் மற்றப் பிள்ளைகள் மொய்த்தார்கள். கிண்ணம் பளிச்சென்று ஆனது.

அந்த வருசத்துக்குப் பிறகு அத்தை கீழே போகவே இல்லை. மாமாதான் மேலே வந்துவிட்டார், ஊதுகுழலோடு. சேலத்துக் கடைக்காரர் ஒருவர் மேடுபள்ளத்தைச் சமமாக்கித் தந்தால் எத்தனை கிண்ணமானாலும் எடுத்துக்கொள்கிறேன் என்றார். "அப்ப அது உங்க கிண்ணமுங்க, நீங்களே செஞ்சுக்கங்க," என்றாள் அத்தை. மலைமேல் வாசலூர்பட்டிப் படகுத்துறைக்குச் சுற்றிப்பார்க்க வருகிறவர்கள் விசாரித்துக்கொண்டு வீடு தேடி வந்தார்கள். டம்ளர், கரண்டி, குழந்தைப் பாலாடை. எல்லாவற்றிலும் முத்து. ஒன்றுக்கொன்று ஒரே மாதிரி இருக்காது. எதை வாங்கினாலும் யார் செய்தது என்று அவளே வாய் வலிக்கச் சொல்லித்தான் அனுப்புவாள். இப்போதும் அடிக்கிறாள். பலாக்கட்டை மட்டும் மூன்றாவது.

பூசாரியின் அந்த மணையைப் பிறகு நான் பார்க்கவில்லை. முதல் கோணல் கிண்ணமும் கோழிகளோடு எங்கோ போய்விட்டது. கோயில் கிண்ணம் இருக்கிறது. திருவிழாவில் கூழ் ஊற்றி முடிந்ததும், அந்த வருசம் அம்மை போட்டு எழுந்த பிள்ளையைக் கூப்பிட்டு முதலில் வழிக்கச் சொல்வார்கள். அம்மை போடாத வருசம் ஊரிலேயே சின்னப் பிள்ளை. போன தடவை என் மகளை அழைத்துப் போயிருந்தேன். இப்போதைய பூசாரி, அன்றைய பூசாரியின் பையன், கிண்ணத்தை உயரத் தூக்கிக் காட்டி வெளியூர்க்காரர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார்: "காலங்காலமா இருந்து வர்ற வழக்கமுங்க இது. ஆத்தாளே முத்துப் போட்ட கிண்ணம்."

கூட்டத்தின் பின்னாலிருந்து நரைத்த தலை ஒன்று எழும்பியது. பக்கத்தில் மாமா காரச்சேவுப் பொட்டலத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அடுத்து என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும்.

"ஏனுங்க பூசாரி," என்றாள் அத்தை, "உங்கப்பன் மணை எங்கீங்க?"